“அக்கா, ஃபைல் படிக்க மாட்டேங்குது”: பாடக்குறிப்புகளைத் திரைவாசிப்பானுக்கு ஏற்பச் சரிசெய்யும் வழி

நவம்பரிலும் ஏப்ரலிலும் என் போன் ஓயாது. சென்னையில் ஒரு கல்லூரியின் மாற்றுத்திறனாளி மாணவர் உதவி மையத்தில் வேலை. செமஸ்டர் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால்தான் எல்லோரும் எல்லா ஃபைலையும் திறப்பார்கள். திறந்த அரை மணி நேரத்தில் போன் வரும். பெரும்பாலும் பார்வையற்ற மாணவர்கள்; திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளை வைத்துப் படிப்பவர்கள்.

கீழே இருக்கும் தலைப்புகள் மாணவர்கள் சொன்ன வார்த்தைகளேதான். உங்களுக்கு வந்த புகார் எதைப் போல இருக்கிறதோ, நேராக அங்கே போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் காசில்லாமல் முடிவதை முதலிலும், காசும் நாளும் பிடிப்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் இரண்டு காரியம். ஒன்று, உங்கள் கணினியில் என்விடிஏ திரைவாசிப்பானை நிறுவிக்கொள்ளுங்கள், இலவசம். அதன் வேகமான பேச்சு முதலில் புரியாது. டூல்ஸ் மெனுவில் ‘ஸ்பீச் வியூவர்’ திறந்தால் அது பேசுவதெல்லாம் எழுத்தாகவும் ஓடும். இரண்டு, புகார் வந்ததும் “இதன் ஒரிஜினல் வேர்டு ஃபைல் யாரிடம் இருக்கிறது?” என்று கேளுங்கள். அந்த ஃபைல் கையில் கிடைத்துவிட்டால் கீழே இருக்கும் வேலையில் பாதி தேவைப்படாது. பிடிஎஃப்பைத் தோண்டித் துருவிச் சரிசெய்ய உட்காராதீர்கள். ஐந்து வருடம் அதைச் செய்து கண் கெட்டதுதான் மிச்சம்.

“ஒண்ணுமே படிக்கலக்கா, அமைதியா இருக்கு”

முதலில், எதில் திறந்தார்கள் என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பைத் தொட்டால் போனில் இருக்கிற ஏதோ ஒரு வியூவர் திறந்துகொள்ளும். சில வியூவர்கள் பக்கத்தை வெறும் படமாகக் காட்டும். ஆண்ட்ராய்டு போனின் திரைவாசிப்பானான டாக்பேக் அங்கே வாயைத் திறக்காது. அதே ஃபைலை வேறு செயலியிலோ கணினியிலோ திறக்கச் சொல்லுங்கள். பாதி நாள் கதை இத்தோடு முடியும்.

கணினியிலும் அமைதியா? பெரிய ஃபைல் என்றால் அடோபி ரீடர் அதைத் தயார் செய்ய ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும். பொறுத்துப் பாருங்கள். அதன்பின் கன்ட்ரோல் ஏ அழுத்துங்கள்.

எழுத்துகள் நீலமாகத் தேர்வாகின்றன, ஆனால் குரல் இல்லை: ஃபைல் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸ், அதில் செக்யூரிட்டி. ‘கன்டென்ட் காப்பியிங் ஃபார் ஆக்சசிபிலிட்டி’ என்ற வரியில் ‘நாட் அலவுட்’ என்றிருந்தால் யாரோ பூட்டியிருக்கிறார்கள். பூட்டியவர்தான் திறக்க வேண்டும். யாரும் காப்பி அடித்துவிடக் கூடாது என்று போட்ட பூட்டு, படிக்க வேண்டியவரையும் வெளியே நிறுத்திவிட்டது என்று சொன்னால் பெரும்பாலும் அன்றைக்கே எடுத்துவிடுவார்கள்.

எழுத்தே தேர்வாகவில்லை, பக்கம் முழுக்க ஒரே சட்டமாகத் தேர்வாகிறது: அது ஸ்கேன். ஜெராக்ஸின் ஜெராக்ஸைப் போனில் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கியிருப்பார்கள். ஓரத்தில் யாருடைய கட்டைவிரலாவது இருக்கும்.

ஸ்கேன் என்று தெரிந்ததும் ஓசிஆரில் (படத்தில் தெரியும் எழுத்தை நிஜ எழுத்தாக மாற்றும் வேலை) இறங்காதீர்கள். முதலில் அந்த நூல் ஏற்கெனவே எழுத்து வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள். 2016இல் தொடங்கிய ‘சுகம்ய புஸ்தகாலயா’ இணைய நூலகத்தில் தேடுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெயில் பிரிவில் விசாரியுங்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்த பாடத்தை நீங்கள் இரண்டாவது முறை செய்ய வேண்டாம்.

எங்கும் இல்லை என்றால் ஓசிஆர். கூகுள் டிரைவில் ஏற்றி, ‘ஓப்பன் வித் கூகுள் டாக்ஸ்’ கொடுத்தால் படத்துக்குக் கீழே தமிழ் எழுத்தாக வந்து நிற்கும். ஃபைல் 2 எம்பிக்குள் இருக்கட்டும். பெரியது என்றால் பத்துப் பத்துப் பக்கமாக வெட்டுங்கள். தாளை நேராக வைத்து 300 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்வது, கோணலான ஸ்கேனில் வந்த பிழைகளைத் திருத்துவதைவிடச் சீக்கிரம் முடியும்.

ஓசிஆர் செய்த தமிழை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். ‘பாடம்’ என்பது ‘பரடம்’ ஆகியிருக்கும். துணைக்காலும் ‘ர’வும் அதற்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ‘ஔவையார்’ என்று ஓரெழுத்தாக வர வேண்டியது ‘ஒ’, ‘ள’ என்று ஈரெழுத்தாக நிற்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. திரைவாசிப்பான் மட்டும் ‘ஒளவையார்’ என்று ‘ள’வைத் தனியே அழுத்தி வாசித்துக் காட்டிக்கொடுக்கும். அதனால் கண்ணால் மெய்ப்புப் பார்த்த பிறகு ஒருமுறை காதாலும் பாருங்கள்.

வெளியாளைக் கூப்பிடும் இடம்: நூறு பக்கத்துக்கு மேல், அட்டவணைகள் நிறைய, அல்லது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. பழைய ணை, லை, னை, றா வடிவங்களில் ஓசிஆர் திணறும். உட்கார்ந்து தட்டச்சு செய்பவர்தான் வேண்டும். “நூலை இப்படி மாற்றலாமா, காப்புரிமை வருமே?” என்று நூலகர் தயங்கினால், காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 52(1)(இசட்பி) பிரிவைக் காட்டுங்கள். மாற்றுத்திறனாளிகள் படிக்க ஏற்ற வடிவில் நகலெடுப்பதை அது அனுமதிக்கிறது. லாப நோக்கம் இருக்கக் கூடாது.

“ஏதோ இங்கிலீஷ் எழுத்தா உளறுதுக்கா”

தமிழ் ஃபைல்களில் அடிக்கடி வரும் நோய் இது. ஆங்கிலத்தில் எழுதிய வழிகாட்டிகளில் இதற்கு மருந்து பெரும்பாலும் கிடைக்காது.

அறிகுறி எப்படி இருக்கும்? திரையில் ‘தமிழ்’ என்று அழகாகத் தெரியும். எழுத்தெழுத்தாகக் கேட்டால் “ஜே, கே, பீ, ஓ, செமிகோலன்” என்று வரும். அதாவது ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. அதன்மேல் பாமினி என்ற ஃபான்ட் தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறது. கண் சட்டையைப் பார்க்கிறது. திரைவாசிப்பான் சட்டைக்குள் இருப்பதைப் படிக்கிறது.

சோதனை: ஒரு வரியை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழாகவே போய்ச் சேர்ந்தால் இந்த நோய் இல்லை. ஆங்கிலக் குப்பையாகப் போனால், வேர்டில் அந்த வரியில் கர்சரை வைத்து ஃபான்ட் பெயரைப் பாருங்கள். பாமினி, வானவில், செந்தமிழ், ஸ்ரீலிபி, அல்லது ‘டாம்’, ‘டாப்’ என்று தொடங்கும் பெயர் ஏதாவது இருக்கும்.

வேர்டு ஃபைல் கையில் இருந்தால், என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் சரியான ஃபான்ட் முறையைத் தேர்ந்தெடுத்து யூனிகோடாக (ஃபைலுக்குள்ளும் தமிழ் எழுத்தாகவே இருக்கும் பொதுக் குறியீட்டு முறை) மாற்றுங்கள். வானவில்லை பாமினி என்று சொல்லி மாற்றினால் வேறொரு குப்பை வரும். பயப்படாமல் அடுத்த முறையைத் தேர்ந்தெடுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மொத்தப் பக்கத்தையும் காப்பி செய்து மாற்றியில் போட்டால், இடையில் இருக்கும் நிஜ ஆங்கிலச் சொற்களும் தமிழாகிவிடும். பாமினியில் எம் ‘அ’, ஏ ‘ய’, பீ ‘இகரக் கொக்கி’. ஆகவே புவியியல் குறிப்பில் ஆங்கிலத்தில் ‘மேப்’ என்று இருந்த இடமெல்லாம் ‘அயி’ என்று மாறி நிற்கும். முதல் வருடம் நான் அனுப்பிய ஒரு குறிப்பில் பத்துப் பன்னிரண்டு ‘அயி’. அந்தப் பையன் அது ஏதோ கலைச்சொல் போலிருக்கிறது என்று மனப்பாடமே செய்துவிட்டான். அன்றிலிருந்து ஆங்கிலச் சொற்களை முதலில் மஞ்சள் அடித்துக் குறித்துக்கொண்டு, தமிழ்ப் பகுதியை மட்டும் பத்தி பத்தியாக மாற்றுகிறேன்.

பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறதா? அதிலிருந்து காப்பி செய்து மாற்றுவதைவிட, அதைப் படமாக நினைத்து ஓசிஆர் செய்வது எளிது. கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது அல்லவா, ஓசிஆருக்கும் அந்தக் கண்தான். டிடிபி அச்சு தெளிவாக இருப்பதால் பிழையும் குறைவு.

எல்லாவற்றையும்விட நல்லது, தட்டச்சு செய்யும் இடத்துக்கே போவது. எங்கள் வினா வங்கி திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன டிடிபி கடையில் அடிபடுகிறது. “முப்பது வருஷமா இந்தக் கீபோர்டுலதான் மேடம் விரல் ஓடுது, இப்பப் போய் மாத்தச் சொன்னா எப்படி?” என்றார் அந்த அண்ணன். நியாயம். அவர் விரல் மாற வேண்டியதே இல்லை. என்எச்எம் ரைட்டரில் பழைய தட்டச்சு விசைப்பலகை முறை இருக்கிறது. பாமினி முறையும் இருக்கிறது. அதே விரல், அதே வேகம், வெளியே வருவது மட்டும் யூனிகோடு. நிறுவிக் கொடுத்துவிட்டு, அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பக்கம் அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். “அட, இவ்ளோதானா?” என்றார். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அந்தக் கடையிலிருந்து வரும் எதையும் நான் மாற்ற வேண்டியிருக்கவில்லை. துறைத் தலைவர் முகம் சுளித்தால், தமிழக அரசே 2010இல் யூனிகோடை ஏற்று அரசாணை போட்டுவிட்டது என்று சொல்லுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

வெளியாளைக் கூப்பிடும் இடம்: பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் காலத்து ஃபைல், அதைத் திறக்கும் கணினியே உங்களிடம் இல்லை. பழைய கணினி வைத்திருக்கும் டிடிபி ஆள் ஒருவரைப் பிடித்து, எழுத்தை மட்டும் வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

“தமிழ்தான் வருது, ஆனா வார்த்தை எல்லாம் உடையுது”

மேலே சொன்னதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே யூனிகோடுதான், பிடிஎஃப் ஆக்கும்போது உள்ளே எழுத்து வரிசை கலைந்துவிட்டது.

சோதனை: ‘கொண்டான்’, ‘போர்’, ‘கேள்வி’ போன்ற ஒரு சொல்லை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் புள்ளி வட்டத்தோடு தனியே முன்னால் போய் நிற்கிறதா? அதுதான். கன்ட்ரோல் எஃப் போட்டு ‘போர்’ என்று தேடினால் கண்ணெதிரே இருக்கும் சொல்லையே “இல்லை” என்று சொல்லும்.

வேர்டு ஃபைல் இருந்தால் ‘பிரின்ட்’ வழியாக பிடிஎஃப் ஆக்காதீர்கள். ‘சேவ் ஆஸ்’ கொடுத்து பிடிஎஃப் தேர்ந்தெடுத்து, ஆப்ஷன்ஸில் ‘டாக்குமென்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ் ஃபார் ஆக்சசிபிலிட்டி’ டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிரின்ட் வழியாகப் போனால் தலைப்பு, பட்டியல் என்ற அடையாளங்கள் எல்லாம் உதிர்ந்துவிடும்.

அப்படியும் சில சொற்கள் உடையும். என் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்கிறேன்: தமிழ்ப் பாடக்குறிப்பை பிடிஎஃப்பாகக் கொடுக்கவே வேண்டாம். வேர்டாகவோ ஈபப்பாகவோ (மின்னூல் வடிவம்) கொடுங்கள். “மாணவர்கள் உள்ளே மாற்றிவிடுவார்களே” என்று ஒரு பேராசிரியர் கேட்டார். ‘ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்’ போட்டுக் கொடுங்கள் சார் என்றேன். பிடிஎஃப்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் இரண்டையும் ஒரே பெயரில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ‘மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்’ என்று தனி ஃபோல்டர் போடாதீர்கள். பிடிஎஃப்பைத் திருத்துபவர் அந்த ஃபோல்டரை மறந்துவிடுவார், அங்கே போன வருடப் பாடம்தான் கிடக்கும்.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த கல்லூரி மலர், கையேடு போன்றவற்றுக்கு வடிவமைப்பாளரைத்தான் கூப்பிட வேண்டும். தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ அமைப்பைப் போட்டாரா என்று கேளுங்கள்.

“இங்கிலீஷ் படிக்குது, தமிழ் வந்தா தாண்டிப் போயிடுது”

பெரும்பாலும் ஃபைலில் குற்றம் இருக்காது. மாணவரின் கருவியில் தமிழ்க் குரல் இருக்காது. விண்டோஸில் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், ஸ்பீச் என்று போய்த் தமிழ்க் குரலைச் சேர்க்கலாம். அதன் பெயர் வள்ளுவர். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக்கிலும் தமிழ் உண்டு, குரல் கொஞ்சம் தகர டப்பா. ஆண்ட்ராய்டில் கூகுளின் டெக்ஸ்ட் டு ஸ்பீச் செட்டிங்ஸில் தமிழ்க் குரல் தரவை இறக்க வேண்டும்.

ஒரு மாணவருக்கு மட்டும் இப்படி என்றால் கருவி. வகுப்பில் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் எல்லோருக்கும் இப்படி என்றால் ஃபைல். வேர்டில் முழுவதையும் தேர்ந்தெடுத்து ரிவ்யூ, லாங்குவேஜ் போய் தமிழ் என்று குறியுங்கள். இணையப் பக்கம் என்றால் அதைக் கட்டியவரிடம் ‘பக்கத்தின் மொழியைத் தமிழ் என்று அறிவித்திருக்கிறீர்களா?’ என்று ஒரு வரி கேட்டால் போதும். அவருக்கு அது ஒரு நிமிட வேலை.

“படிக்குது, ஆனா எங்க இருக்கேன்னே தெரியல”

ஐந்து அலகு, எண்பது பக்கம், நாளைக்குத் தேர்வு. நான்காம் அலகுக்குப் போக வேண்டும். பார்க்கிறவர் விரலால் தள்ளுவார். திரைவாசிப்பானில் கேட்பவர் ‘எச்’ விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவுவார். தலைப்பே இல்லை என்றால் முதல் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும்.

சோதனை: வேர்டில் வியூ, நேவிகேஷன் பேன். அது காலியாக இருக்கிறதா? அப்படியானால் தலைப்புகள் எல்லாம் வெறும் போல்டு. பெரிதாகத் தெரிவதால் மட்டும் அது தலைப்பு ஆகாது. அலகின் பெயரில் கர்சரை வைத்து கன்ட்ரோல், ஆல்ட், 1. உள்தலைப்புக்கு 2. எண்பது பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகாது. இந்தப் பட்டியலிலேயே குறைந்த உழைப்பில் அதிகம் பலன் தருவது இதுதான்.

தலைப்பு இருந்தும் குழப்பம் என்றால் அட்டவணையைப் பாருங்கள். வரலாற்றுத் துறை மேடம் ஒருவர் சோழ மன்னர் பட்டியலை டேப் விசையாலேயே தட்டித் தட்டி மூன்று பத்தியாக நிறுத்தியிருந்தார். திரையில் கச்சிதம். முதலாம் ராஜராஜனின் 985, 1014. முதலாம் ராஜேந்திரனின் 1014, 1044. ஆனால் வலது ஓரத்தில் இருந்த ‘முக்கியப் பணிகள்’ இரண்டு வரியாக மடங்கியிருந்தது. குரல் அதை எப்படிப் படித்தது தெரியுமா? “ராஜராஜன் 985 1014 தஞ்சைப் பெரிய, ராஜேந்திரன் 1014 1044 கோயில் கங்கை, கொண்ட சோழபுரம்.” பெரிய கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டால் மாணவி என்ன எழுதுவாள்? மேடத்துக்கு இயர்போனைக் கொடுத்து அந்த இரண்டு வரியைக் கேட்கச் சொன்னேன். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. இன்சர்ட் டேபிள் போட்டு, முதல் வரிசையை ‘ரிபீட் ஹெடர் ரோ’ என்று குறித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் அது எந்தப் பத்தி என்று குரல் சொல்லும். கட்டங்களை மெர்ஜ் செய்யாதீர்கள்.

டெக்ஸ்ட் பாக்ஸ், வேர்டு ஆர்ட் இரண்டையும் எடுத்துவிடுங்கள். குரல் அவற்றைத் தாண்டிப் போகும், அல்லது சம்பந்தமில்லாத இடத்தில் படிக்கும். ‘இங்கே சொடுக்கவும்’ என்று பன்னிரண்டு இணைப்பு இருந்தால், இணைப்புப் பட்டியலைத் திறப்பவருக்குப் பன்னிரண்டு ‘இங்கே’தான் கிடைக்கும்.

“படம்னு மட்டும் சொல்லுது”

சில ஃபைலில் “கிராஃபிக்” என்று சொல்லி நிறுத்தும். சிலவற்றில் ஃபைல் பெயரையே எண் எண்ணாக ஒப்பிக்கும். இரண்டுக்கும் மருந்து மாற்று உரை: படத்தில் ரைட் கிளிக், ‘எடிட் ஆல்ட் டெக்ஸ்ட்’. வேர்டு தானாக ஒன்றை எழுதி வைத்திருந்தால் அழித்துவிடுங்கள்.

என்ன எழுதுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். படம் எப்படி இருக்கிறது என்பதை எழுத வேண்டாம். அந்தப் படத்தை அந்தப் பக்கத்தில் ஏன் வைத்தீர்கள் என்பதை எழுதுங்கள். ‘சென்னை வரைபடம்’ என்றால் யாருக்கும் பயனில்லை. ‘சென்னையின் நீர்வழிகள்: வடக்கே கொசஸ்தலையாறு, நடுவே கூவம், தெற்கே அடையாறு, மூன்றும் கிழக்கே ஓடிக் கடலில் சேர்கின்றன, பக்கிங்காம் கால்வாய் வடக்கு தெற்காக அவற்றை இணைக்கிறது’ என்றால் பாடம் போய்ச் சேர்ந்தது. ஓரப்பூ, கல்லூரி முத்திரை போன்றவற்றுக்கு ‘டெக்கரேட்டிவ்’ என்று டிக் போடுங்கள். எண்பது பக்கத்திலும் முத்திரையின் வர்ணனையைக் கேட்க யாருக்கும் பொறுமை கிடையாது.

கணக்குச் சமன்பாட்டைப் படமாக ஒட்டியிருந்தால் வேர்டின் ஈக்வேஷன் எடிட்டரில் திரும்ப அடிக்க வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை. ஆசிரியர் லாடெக்கில் (சமன்பாடுகளை எழுத்துக் கட்டளைகளாக அடிக்கும் மென்பொருள்) எழுதுபவர் என்றால் அந்த மூல ஃபைலையே கேளுங்கள். உயிரியல் படம், வடிவியல், மின்சுற்று என்று வந்தால் மாற்று உரையோடு மல்லுக்கட்டாதீர்கள். தொட்டுணரும் படம் தயாரிக்கும் சிறப்புப் பள்ளி அல்லது பிரெயில் அச்சகம்தான் கதி. அதற்கு நாள் பிடிக்கும், செமஸ்டர் தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள்.

“வீடியோல சார் என்ன சொல்றாருன்னே தெரியல”

இது போனில் வராது, வாட்ஸ்அப் செய்தியாக வரும். அனுப்புவது காது கேளாத மாணவர். முதலில் வீடியோவில், பேச்சை எழுத்தாக ஓடவிடும் சிசி பொத்தான் இருக்கிறதா, அதை அழுத்தினாரா என்று பாருங்கள். தானாக உருவான எழுத்து ஓடுகிறது என்றால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து நடத்தும் நம் வகுப்புகளில் அது அடிக்கும் கூத்து சொல்லி மாளாது. அதைவிட எழுத்து இல்லாமலே இருக்கலாம்.

திருத்துவதற்கு எழுத்து ஃபைலை இறக்கி நோட்பேடில் திறந்தால் போதும்: வரிசை எண், நேரம், வசனம், ஒரு காலி வரி. அவ்வளவுதான் அதன் அமைப்பு. என் கைக்குப் பத்து நிமிட வீடியோவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஆசிரியர் குறிப்பைப் பார்த்து வாசிப்பவர் என்றால் அந்தக் குறிப்பை வாங்கிக்கொள்ளுங்கள், பாதி நேரம் மிச்சம்.

பிறவியிலிருந்து சைகை மொழியில் வளர்ந்தவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. எழுத்து ஓடியும் புரியவில்லை என்றால் வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள். அதற்கும் மேலே போனால் இந்திய சைகை மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட வேண்டும். நாலு சைகை கற்றுக்கொண்ட சக மாணவரை நிறுத்தி ஒப்பேற்றுவது தப்பு.

இதே வீடியோவைப் பற்றிப் பார்வையற்ற மாணவர் சொல்லும் புகார் வேறு: “சார் ‘இதைப் பாருங்க, இது இங்க வரும்’னு சொல்றாரு.” எந்த மென்பொருளாலும் இதைச் சரிசெய்ய முடியாது. அடுத்த வீடியோவில் எது எங்கே என்று வாயால் சொல்லச் சொல்லி ஆசிரியரிடம்தான் கேட்க வேண்டும்.

“ஆன்லைன் டெஸ்ட்ல மாட்டிக்கிட்டேன்”

தேர்வு ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த அழைப்பு வந்தால் பிழை தேடாதீர்கள். ஆசிரியரைக் கூப்பிட்டு, கேள்வித்தாளை வேர்டாக அனுப்பி, நேரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பிழையை மாலையில் பார்த்துக்கொள்ளலாம்.

மாலையில்: மவுஸைப் பிடுங்கி மேசை டிராயரில் போடுங்கள். டேப், ஷிஃப்ட் டேப், ஸ்பேஸ், என்டர் மட்டும் வைத்துத் தேர்வை முதலிலிருந்து சமர்ப்பிப்பது வரை செய்து பாருங்கள். எங்கே சிக்கினீர்களோ அங்கேதான் அவரும் சிக்கியிருப்பார். இழுத்துப் பொருத்தும் கேள்வியா? நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக மாற்றுங்கள். விடைகள் படமாக இருக்கின்றனவா? எழுத்தாக்குங்கள். நேரம் போதவில்லையா? மூடில் என்ற ஆன்லைன் வகுப்புத் தளத்தில் ‘யூசர் ஓவர்ரைடு’ போட்டு அந்த மாணவருக்கு மட்டும் கூட்டலாம். சலுகை கேட்கிறார்கள் என்று முணுமுணுப்பவர்களிடம், மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலே மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரச் சொன்னது என்று காட்டுங்கள்.

குரல் “பட்டன், பட்டன், பட்டன்” என்று மட்டும் சொல்கிறது, அல்லது உள்ளே நுழையவே படக் குறியீட்டைக் கண்டுபிடிக்கச் சொல்கிறது என்றால் உங்கள் கையில் இல்லை. தளத்தைக் கட்டியவர்தான் சரிசெய்ய வேண்டும். “திரைவாசிப்பான் வேலை செய்யவில்லை” என்று மொட்டையாக எழுதினால் பதில் வராது. எந்தப் பக்கம், எத்தனையாவது பொத்தான், என்ன சொல்ல வேண்டியது என்ன சொன்னது என்று எழுதுங்கள். கல்லூரி நிர்வாகத்தின் வழியாக எழுதும்போது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 42 என்று ஒரு வரி சேர்ப்பேன். இணைய வசதியை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று சொன்ன தீர்ப்பையும் சேர்ப்பேன். அதற்குப் பிறகு பதில் கொஞ்சம் சுறுசுறுப்பாக வருகிறது.

“தெரியுதுக்கா, ஆனா தெரியல”

குறைபார்வை மாணவர். வெளிர் சாம்பல் எழுத்து, வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து, படத்தின்மேல் எழுத்து, இவைதான் குற்றவாளிகள். மதியம் பஸ் ஸ்டாப் வெயிலில் உங்கள் போனில் திறந்து பாருங்கள்; உங்களுக்கே சிரமமாக இருந்தால் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. அளந்துதான் பார்க்க வேண்டும் என்றால் எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 விகிதம் வேண்டும். பார்க்க இலவச மென்பொருள்கள் உண்டு. ‘சிவப்பில் உள்ளவை முக்கியம்’ என்று எழுதாதீர்கள், முக்கியம் என்றே எழுதுங்கள்.

எதிலும் அடங்கவில்லை

மாணவரிடம் நாலு தகவல் வாங்குங்கள்: போனா கணினியா, எந்தத் திரைவாசிப்பான், எந்தச் செயலியில் திறந்தார், எந்தப் பக்கம். “சரியா வரலக்கா” என்பதற்குமேல் சொல்லத் தெரியாதவரிடம், ஃபைல் ஓடும்போது இன்னொரு போனில் பத்து நொடி வாய்ஸ் நோட் எடுத்து அனுப்பச் சொல்வேன். போன வாரம் ஒருத்தி அனுப்பினாள். பின்னால் பிரஷர் குக்கர் விசில், அதற்கும் மேலே அவள் அம்மாவின் குரல், அதற்கு நடுவே என்விடிஏ: “ஒ, ள, வையார்.” ஃபைலைத் திறக்காமலே தெரிந்துவிட்டது. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ், 14 இடம்.